ஊர், உறவு, உறக்கம்

1

சித்தன்னவாசலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தாமரைக் குளம், மீன்கள், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் - அந்தப் பச்சை மங்கிக்கொண்டே வருகிறதே என்று சற்று வருத்தப்பட்டுவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிடலாம். குன்றின் மேலேறி மறுபக்கம் போகிறவனுக்கு ஏழடிப்பட்டம் கிடைக்கிறது. பாறைச் சரிவில் கால் வைக்க வெட்டிய குழிகளால் வந்த பெயர். இயற்கையாக அமைந்த குகை. உள்ளே 17 கல் படுக்கைகள். தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியவை. தலைமாட்டில் கல்லையே சற்று உயர்த்தித் தலையணையாக விட்டிருக்கிறார்கள்.

இவற்றில் பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி ஈதன் என்பவருக்குச் சிறுபோசில் இளயர் செய்து கொடுத்த இருப்பிடம் என்பது அதன் சாரம். 2,000 வருஷத்துக்கும் மேற்பட்ட எழுத்து. முதல் தடவை இதைத் தெரிந்துகொண்டபோது வரலாற்று வியப்பு மட்டுமே இருந்தது. பிறகுதான் இதிலுள்ள முரண் உறைத்தது. பிறந்த ஊரை விட்டவர், பெற்றவர்களை விட்டவர், உடைமை என்ற ஒன்றைத் துறந்தவர் - அவர் படுக்கும் கல்லில் பிறந்த ஊரும் பெயரும் செதுக்கப்பட்டிருக்கின்றன. துறவி மறக்க வந்தார், கல் மறக்கவில்லை.

சமணம் உறக்கத்தை எப்படிப் பார்த்தது என்று தெரிந்தால் இந்த முரண் இன்னும் இறுகும். வெறும் தரையில் படுப்பது திகம்பர முனிவரின் 28 மூலகுணங்களில் ஒன்று. அதுவும் ஒருக்களித்து, கொஞ்ச நேரம். புரண்டு படுக்குமுன் மயிற்பீலியால் அந்த இடத்தைத் தடவி விடவேண்டும். உறங்கும் உடம்பின் கீழ் ஏதேனும் ஜீவன் நசுங்கிவிடக்கூடாது. தத்துவத் தளத்தில் உறக்கம் ஒரு கர்மம். காட்சியை மறைக்கும் கர்மத்தின் வகைகளில் ஐந்து வித உறக்கங்கள் எண்ணப்படுகின்றன. முற்றறிவு எய்தியவனுக்கு உறக்கமே கிடையாது. பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திரர் எழுதிய கோம்மடசாரம் பிரமாதங்கள், அதாவது அசிரத்தைகள், 15 என்று கணக்கிடுகிறது. வீண்பேச்சு நான்கு, கஷாயங்கள் நான்கு, புலன்கள் ஐந்து. மீதி இரண்டு: ஒன்று உறக்கம், மற்றது பிரியம்.

உறக்கமும் பிரியமும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்பது தற்செயலாக இருக்கலாம். வகைப்படுத்துவதில் அடங்காத மிச்சங்கள் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். ஆனால் சென்ற 50 வருஷங்களில் பரிசோதனைக்கூடங்களில் எலிகளைக் கொண்டு கண்டுபிடித்திருப்பதைப் பார்க்கும்போது, இந்த அண்டைவீட்டுத்தனத்தைத் தற்செயல் என்று தள்ள எனக்குக் கை வரவில்லை.

2

சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போவது நேர்மை. என் தகப்பனார் ஓர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து இறந்துபோனார். ஐந்து இரவுகளும் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து விழித்திருந்தேன். அக்கா வராந்தாவில் பாய் விரித்துத் தூங்கினாள். அப்போது எனக்கு அவள்மேல் கோபம். தூங்க முடிகிறதே இவளால் என்று. இன்று அந்த ஐந்து நாட்களைப் பற்றி ஏதேனும் கேட்டால் அக்காதான் சொல்கிறாள். எந்த டாக்டர் வந்தார், யார் யார் பார்க்க வந்தார்கள், அப்பா என்ன சாப்பிட்டார், என்ன பேசினார் எல்லாம். எனக்கு நினைவிருப்பது குழல்விளக்கின் இரைச்சல், ஸ்டூலின் ஆட்டம். முகம் இல்லை. கடைசி ஐந்து நாள் முகம் என்னிடம் இல்லை.

காவலிருந்தவனிடம் ஒன்றுமில்லை, தூங்கியவளிடம் எல்லாம் இருக்கிறது. இது நியாயமா என்று கேட்பது சிறுபிள்ளைத்தனம் என்று தெரியும். ஆனாலும் கேள்வி போகவில்லை.

நம்மவர்களுக்கு, குறிப்பாக எழுதுகிறவர்களுக்கு, விழிப்பு என்ற சொல்லின்மீது ஒரு மோகம் இருக்கிறது. விழித்திருப்பவன் உயர்ந்தவன், தூங்குகிறவன் ஏமாந்தவன், சோம்பேறி, சமூகப் பிரக்ஞை அற்றவன். அரசியல்வாதியும் ஆன்மீகவாதியும் சேர்ந்து சொல்லும் ஒரே சொல் 'விழித்தெழு' என்பதுதான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேன் என்று சொல்லிக்கொள்வதில் நம் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம் உண்டு. எட்டு மணி நேரம் தூங்கியதால் இந்தக் கவிதை வந்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

3

பரிசோதனைக்கூட சங்கதி இது. 1971ல் லண்டனில் ஜான் ஓ'கீஃப், தொஸ்த்ரோவ்ஸ்கி என்ற இருவரும் எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் விசித்திரமான நியூரான்களைக் கண்டார்கள். எலி ஓர் அறையின் குறிப்பிட்ட மூலைக்குப் போனால் ஒரு நியூரான் துடிக்கிறது. வேறு இடத்தில் வேறொன்று. எலியின் தலைக்குள் அதன் ஊர் இருக்கிறது. இதற்காக ஓ'கீஃபுக்கும், இதைத் தொடர்ந்து சென்ற மோசர் தம்பதிக்கும் 2014ல் நோபல் பரிசு கிடைத்தது.

1994ல் அமெரிக்காவில் வில்சன், மக்நாட்டன் இருவரும் எலி தூங்கும்போதும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பகலில் ஓடியபோது சேர்ந்து துடித்த நியூரான்கள், பின்வந்த ஆழ்ந்த உறக்கத்திலும் சேர்ந்தே துடித்தன. ஓடிய பாதை வரிசை பிசகாமல், பல மடங்கு வேகத்தில் திரும்ப ஓடப்படுகிறது என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. உடம்பு கிடக்கிறது, ஊர் நடந்துகொண்டிருக்கிறது.

இது வெறும் எதிரொலியாக இருக்கக்கூடாதா? அடித்த மணி அதிர்ந்துகொண்டிருப்பது போல? 2009ல் பாரிஸில் இதைச் சோதித்தார்கள். இந்த மறு ஓட்டம் நிகழும் நுண்ணிய அலைகளை மட்டும், அவை எழும் கணத்திலேயே சிறு மின்துடிப்பால் கலைத்தார்கள். எலி விழிக்கவில்லை. உறக்கத்தின் அளவும் குறையவில்லை. ஆனால் எட்டுக் கிளைகள் கொண்ட பாதையில் உணவு எங்கே என்பதைக் கற்றுக்கொள்வதில் அந்த எலிகள் பின்தங்கின. ஆக, அது எதிரொலி அல்ல, வேலை.

இது ஊர் பற்றியது. உறவு? ஹிப்போகாம்பஸிலேயே சிஏ2 என்று ஒரு சிறு பகுதி. 2014ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதைச் செயலிழக்கச் செய்தபோது சுண்டெலிகள் பிற சுண்டெலிகளை அடையாளம் காணமுடியாமல் போயின. மற்ற நினைவுகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. நேற்றுப் பழகியது இன்று அந்நியமாயிற்று, அவ்வளவுதான். 2020ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து அடுத்த படி வந்தது. புதிதாகப் பழகிய சுண்டெலியின் அடையாளம், பின்வரும் உறக்கத்தில் சிஏ2வில் எழும் அலைகளில் திரும்ப எழுகிறது. அந்த அலைகளைக் கலைத்தால் பரிச்சயம் அழிகிறது. செயற்கையாக எழுப்பினால் பரிச்சயம் வழக்கத்தைவிட நீள்கிறது.

ஒரு ஜீவன் இன்னொன்றை நாளையும் தெரிந்துகொள்ள வேண்டுமானால், இடையில் அதைப் பார்க்காமல், நினைக்காமல், தன்னையே அறியாமல் கிடக்கவேண்டும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். கோம்மடசாரத்தின் பட்டியல் இங்கே வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. பற்று அறுக்க விரும்பியவர்கள் உறக்கத்தைக் குறைத்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் வேறு - விழிப்பின்மை ஹிம்சைக்கு இடம் தரும் என்பது. ஆனால் பற்று வளரும் நிலம் எது என்பதில் அவர்கள் கை தவறிப் படவில்லை.

4

அவசரப்பட்டுவிடக் கூடாது. இந்தக் கோட்பாட்டுக்கு எதிராக ஒரு மிருகம் நிற்கிறது. சித்தன்னவாசல் குளத்திலேயே நிற்கிறது. யானை.

2017ல் வெளியான ஆய்வு ஒன்றில் போட்ஸ்வானாவின் காட்டில் இரண்டு கூட்டத்தலைவிகளின் தும்பிக்கையில் சிறு கருவி பொருத்தி 35 நாட்கள் கணக்கெடுத்தார்கள். சராசரி உறக்கம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். சில சமயம் 46 மணி நேரம் வரை கண் மூடாமல் நடந்தன. படுத்துத் தூங்கியது மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறைதான். கனவு காணும் உறக்கம் படுத்தால்தான் வரும் என்பதால் அதுவும் அவ்வளவே. நினைவுக்குப் பெயர்போன மிருகம், பாலூட்டிகளிலேயே மிகக் குறைவாக உறங்குகிறது.

இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. எவ்வளவு நேரம் உறங்குகிறோம் என்பது வேறு, உறக்கத்தில் என்ன நடக்கிறது என்பது வேறு. பாரிஸ் எலிகளிடம் உறக்கம் இருந்தது, அதற்குள் வேலை நடக்கவில்லை. யானையின் இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். ஆனாலும் எலியின் உண்மையை எல்லா ஜீவனுக்கும் நீட்டிவிட முடியாது என்று யானை எச்சரிக்கிறது. நானும் மனிதன் என்பதால் என் ஐந்து இரவுகளுக்கும் எலியின் உறக்கத்துக்கும் நேர்க்கோடு இழுத்துவிட முடியாது. துக்கமும் நினைவைத் தின்னும், பயமும் தின்னும்.

உறக்கம் தனி உடம்பின் காரியம் என்பதே சந்தேகத்துக்குரியதுதான். 1981ல் மதுரைப் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவரது சகாக்களும் வௌவால் ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். குகையின் இருட்டில், சூரியன் எப்போது மறைந்தது என்று தெரியாத இடத்தில், கூண்டில் ஒரு வௌவாலை அடைத்து வைத்தார்கள். சுற்றிலும் சுதந்திரமான வௌவால்கள் அந்திக்குப் போய் விடியலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வரை, கைதியும் அதே நேரத்தில் விழித்து அதே நேரத்தில் ஓய்ந்தது. சகாக்கள் இல்லாத குகையில் அதன் நாள் நழுவி, தன் போக்கில் போயிற்று. உறவை உறக்கம் காக்கிறது என்பது ஒரு பாதி. உறக்கத்தை உறவு ஒழுங்கு செய்கிறது என்பது மறுபாதி.

எங்கள் பக்கத்தில் இதைக் கீதாரிகள் அறிவார்கள். அறுவடை முடிந்த வயலில் கிடை போடுகிறார்கள். வலைக்குள் நூற்றுக்கணக்கான ஆடுகள். இன்று ஒரு வயல், நாலு நாள் கழித்து வேறொரு வயல், அடுத்த மாதம் தஞ்சாவூர்ப் பக்கம். புழுக்கைக்காக, மூத்திரத்துக்காக, அதாவது ஆடு தூங்கி எழும் இடத்துக்காக, வயல்காரர் நெல்லோ பணமோ தருகிறார். தரைக்கு வேண்டியது ஆட்டின் இரவு. ஊர் தினம் மாறுகிறது, கிடை மாறுவதில்லை. தாய் தன் குட்டியைக் காலையில் பிழையில்லாமல் கண்டுகொள்கிறது. 2001ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே நடந்த ஆய்வில், செம்மறியாடுகள் வேறு 50 ஆடுகளின் முகங்களை இரண்டு வருஷத்துக்கு மேல் நினைவில் வைத்திருந்தன. மந்தைப் புத்தி என்று நாம் ஏளனமாகச் சொல்வதற்குள் 50 முகங்கள் இருக்கின்றன.

5

இனி நியாயத்துக்கு வரலாம். மேலே சொன்ன அறிவெல்லாம் எப்படிக் கிடைத்தது? உறக்கம் எதற்கு என்று தெரிந்துகொள்ள, உறக்கத்தைப் பிடுங்கிப் பார்ப்பது ஒரு வழி. 1894ல் மரி த மனசேன் என்ற ரஷ்யப் பெண்மணி நாய்க்குட்டிகளை விழிக்கவைத்துக்கொண்டே இருந்தார். நாலைந்து நாளில் அவை இறந்தன. 1960களில் பிரான்சில் பூந்தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீர் நடுவே வைத்து அதன்மேல் மிருகத்தை விட்டார்கள். கனவு வந்தால் தசை தளரும், தளர்ந்தால் தண்ணீரில் விழும், விழித்துக்கொள்ளும். 1980களில் சிகாகோவில் எலிகளைச் சுழலும் தட்டில், தண்ணீருக்கு மேல் வைத்தார்கள். இரண்டு மூன்று வாரங்களில் எலிகள் செத்தன. இன்று முறைகள் மென்மையாகிவிட்டன. கூண்டை லேசாகத் தட்டுவார்கள், படுக்கைத் துகளைக் கலைத்துவிடுவார்கள். ஆறு மணி நேரம், அவ்வளவுதான்.

இப்படி ஆறு மணி நேரம் விழிக்கவைக்கப்பட்ட சுண்டெலிகளைக் கொண்டு 2023ல் நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தார்கள். எந்தப் பொருள் எந்த இடத்தில் இருந்தது என்பதை அவை மறந்துவிட்டன என்றுதான் சோதனை காட்டியது. ஆனால் கற்றபோது வேலை செய்த நியூரான்களை அடையாளமிட்டு வைத்திருந்தார்கள். சில நாள் கழித்து ஒளியால் அவற்றைத் தூண்டியபோது நினைவு திரும்பியது. நுரையீரல் நோய்க்குக் கொடுக்கும் ரோஃப்லுமிலாஸ்ட் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, திரும்பிய நினைவு பின்னரும் தங்கியது. அழியவில்லை, கைக்கு எட்டாமல் இருந்தது.

இதை வாசித்த அன்று அப்பாவின் முகம் எனக்குள் எங்கோ இருக்கிறது என்று மனசு குதித்தது. மறுகணமே அந்தச் சுண்டெலிகளின் ஞாபகமும் வந்தது. எனக்குக் கிடைத்த ஆறுதல், தூக்கம் பறிக்கப்பட்ட சில ஜீவன்களின் இரவு. ஏழடிப்பட்டத்தில் படுத்தவர், ஒரு பூச்சி நசுங்குமோ என்று பீலியால் தடவிவிட்டுப் புரண்டவர், இந்த ஆறுதலை வாங்கிக்கொள்வாரா?

வாங்கிக்கொள்ளமாட்டார். நான் வாங்கிக்கொண்டேன். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் வாங்கியவன் விலையையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்த ஆராய்ச்சியின் முடிவே அந்த விலையை நமக்குச் சொல்லிவிடுகிறது என்பதுதான் விசேஷம். முன்பெல்லாம் ஒருவன் தூக்கத்தைக் கெடுத்தால் ஓய்வைக் கெடுத்தோம் என்று எண்ணினோம். இன்று தெரிகிறது, அவன் ஊரையும் உறவையும் அடுக்கி வைத்துக்கொண்டிருந்த கையைத் தட்டிவிடுகிறோம். போலீஸ் விசாரணையில் தூங்கவிடாமல் வைப்பது ஏன் உலகெங்கும் பழகிய முறை என்பதும் இதில் விளங்குகிறது. 1978ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதையும் சேர்த்து ஐந்து முறைகளை மனிதத்தன்மையற்றவை என்றது. சித்திரவதை என்று சொல்லத் தயங்கியது. 2012ல் ராம்லீலா மைதான வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், உறங்கும் உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது.

மனிதனுக்குச் சரி. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்துகொண்டு மாட்டைப் பற்றிப் பேசாமலிருக்க முடியாது. தச்சங்குறிச்சியில் வருஷத்தின் முதல் வாடிவாசல் திறக்கிறது. முந்தின ராத்திரியே வண்டியில் ஏற்றப்பட்டு, விளக்கு வெளிச்சத்திலும் ஒலிபெருக்கிச் சத்தத்திலும் வரிசையில் நிற்கும் காளைகளைப் பார்த்திருக்கிறேன். 2014ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது, 2017ல் சட்டம் திருத்தப்பட்டது, 2023ல் அரசியல் சாசன அமர்வு திருத்தத்தை ஏற்றது. வழக்கு மிளகாய்ப்பொடி பற்றி, வால் முறுக்குவது பற்றி, பண்பாடு பற்றிப் பேசிற்று. வாடியிலிருந்து பாய்ந்த காளை, தெரியாத ஊரில், தன் கயிற்றுக்காரனைத் தேடி நிற்கும் அந்த நிமிஷம் பற்றி யோசிக்கிறேன். அதற்கு வேண்டியது இரண்டுதான்: எங்கே, யார். முந்தின இரவு அதனிடமிருந்து எடுக்கப்பட்டதும் அந்த இரண்டையும் கட்டிக்காக்கும் நேரம்தான். ஜல்லிக்கட்டு வேண்டுமா வேண்டாமா என்பது என் கேள்வி அல்ல. காளையை வளர்ப்பவர் அதைப் பிள்ளை என்கிறார். பிள்ளை என்றால் அதன் இரவும் கணக்கில் வரவேண்டும்.

6

இவ்வளவும் எழுதிய பிறகு, விழிப்பே பொய், தூங்குவதே தர்மம் என்று முடிப்பது சுலபம். அப்படி முடிக்க முடியாமல் அக்கா தடுத்துவிட்டாள்.

போன மாதம் அவளிடம் கேட்டேன், கடைசி ராத்திரி அப்பா ஏதாவது பேசினாரா என்று. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நீதானேடா பக்கத்துல இருந்த. மாட்டைக் கட்டியாச்சான்னு ஒங்கிட்டதான் கேட்டாரு. கட்டியாச்சுப்பா, தண்ணியும் காட்டியாச்சு, தூங்குங்கன்னு நீதான் சொன்ன. அப்புறந்தான் கண்ணை மூடுனாரு. நான் கதவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்." எங்கள் வீட்டில் மாடு விற்று 20 வருஷம் ஆகியிருந்தது.

நான் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்பதால் சொன்னது சொல்லாததாகிவிடவில்லை. அந்தக் கேள்விக்கு அந்த நேரத்தில் பதில் சொல்ல ஓர் ஆள் விழித்திருக்கவேண்டியிருந்தது. விழிப்பு அவருக்காக, நினைவு எனக்காக. இரண்டும் ஒருவனுக்கே கிடைக்கவேண்டும் என்று நான் எதிர்பார்த்ததுதான் பிசகு. கல்லில் படுத்தவரும் தன் உறக்கத்தைத் தானே கொடுத்தார். கீழே கிடக்கும் பூச்சிக்காகக் கொடுத்தார். கொடுத்த விழிப்புக்கும் பிடுங்கிய விழிப்புக்கும் உள்ள தூரம்தான் இந்த விஷயத்தில் எனக்குப் பிடிபட்ட ஒரே நீதி. சுண்டெலி கொடுக்கவில்லை. காளை கொடுக்கவில்லை. லாக்கப்பில் இருப்பவன் கொடுக்கவில்லை.

ஈதனின் ஊரை ஈதன் செதுக்கவில்லை. சிறுபோசில் இளயர் செதுக்கினார்கள். ஊரையும் உறவையும் விட்டவருக்காக இன்னொருவர் நினைவில் வைத்திருந்தார்கள். அக்காவும் அதைத்தான் செய்தாள்.

அவள் சொன்ன அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.